உறுப்பினர் ஏடும் சங்கத்தின் கடனும்

(கொக்கிளாய்வாழ் பழைய மாணவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர்)

முன்னுரை

கடன் என்னும் சொல் தமிழிலே இருபொருள் உடையது. மீளக் கொடுக்கவேண்டிய பணத்தையும் அது குறிக்கும்; தவறாது செய்யவேண்டிய கடமையையும் அது குறிக்கும். வாங்கியவனுக்குப் பணக்கடன் இருப்பதுபோலக் கொடுத்தவனுக்கும் ஒரு முறைமைக்கடன் உண்டென்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகின்றது. கணக்கு என்னும் சொல்லும் அவ்வாறே விரிந்த பொருளுடையது. எண்ணை மட்டுமன்றி எழுத்தையும் நூலையும் அது குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரை மாணவர் அறிவர். எழுத்தறிவித்த ஆசிரியரைப் பண்டையோர் கணக்காயர் என்றனர். நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப் பெயர்பெற்றிருந்தார். ஆகவே, தமிழாசிரியராகிய யாம் கடனையும் கணக்கையும் பற்றி எழுதப் புகுவது எல்லை கடந்த செயலாகாதென்று கருதுகின்றோம்.

ஈண்டு ஆராயப் புகுந்த பொருள் இது: ஒரு கடனுதவுச் சங்கம் தன் உறுப்பினரைப் பற்றி எழுதிவைத்திருக்கும் செய்திகள் யாருக்கு உரியன? அவற்றை எவருக்குக் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது? இவற்றை ஒழுங்குசெய்ய நாடுகள்தோறும் எழுந்துவரும் சட்டங்களால் எம் கிராமப்புறத்துச் சிறு சங்கங்களுக்கு நேரும் நன்மை யாது, இடர் யாது?

விழா மலரிலே இலக்கியமும் சமயமும் பேசுவது வழக்கம். எனினும் எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று சங்கத் தலைவராயும் செயலாளராயும் வங்கியாளராயும் கணக்காய்வாளராயும் இருக்கின்றனர். வகுப்பிலிருக்கும் மாணவரோ கைத்தொலைபேசியாலேயே பணம் அனுப்பவும் பெறவும் பழகிவிட்டனர். இவ்விருசாராருக்கும் இப்பொருள் பயன்படுமென்று நம்புகின்றோம்.

சங்கம் எதனை நம்பிக் கடன் கொடுத்தது?

வங்கி கடன் கொடுக்குமுன் காணியுறுதியைக் கேட்கும், நகையைக் கேட்கும். இவை இரண்டும் இல்லாத ஏழை உழவனுக்கும் மீனவனுக்கும் எதை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பது? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் செர்மனி நாட்டு ரைபைசன் என்பார். 1864 இல் ஹெட்டெஸ்டோர்ப் என்னும் ஊரில் அவர் நிறுவிய கடன் சங்கமே பின்னர் எழுந்த கிராமியச் சங்கங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. அவர் முறையின் அடிப்படை எளியது. ஊர் சிறியதாயிருத்தல் வேண்டும். உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்தவராதல் வேண்டும். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்றல் வேண்டும். உறுதியும் நகையும் இல்லாதவனுக்கு அவனது நன்னடத்தையே ஈடாயிற்று. அந்நன்னடத்தையை அறிந்த அயலவரே பிணையாயினர்.

சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1895 இலும் 1897 இலும் அளித்த அறிக்கைகள் இம்முறையைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துரைத்தன. 1904 இல் இந்தியாவிலே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதே வழியில் வந்தது. இன்று இலங்கைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடிப்படையாயுள்ளது 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாகும். வடபகுதியில் இவ்வியக்கத்தை வளர்த்தவர்களுள் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் தலையாயவர். யாழ்நகரில் அவர் பெயரால் விளங்கும் மண்டபத்தை அறியாதார் இலர். கல்லூரி அதிபர் ஒருவர் கூட்டுறவுக்குத் தலைமை தாங்கியமை தற்செயலன்று. ஏடெழுதவும் கணக்கு வைக்கவும் அறிந்தவரென்று ஊர் நம்பியது ஆசிரியரையே.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்றுண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் உண்மையான மூலதனம் பணமன்று. உறுப்பினரைப் பற்றிய அறிவேயாகும். எவர் உழைப்பாளி, எவர் வாக்குத் தவறாதவர், எவர் வீட்டிலே நோய், எவர் வலை அறுந்தது என்பவற்றையெல்லாம் அறிந்தமையாற்றான் சங்கம் கடன் கொடுக்க முடிந்தது. அவ்வறிவை எவ்வாறு காப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்றைய சட்டங்களின் வினா. ஆகவே இது சங்கத்துக்குப் புறம்பான பொருளன்று.

கொக்கிளாய் காட்டும் பாடம்

எம்மூர் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பும் கடலும் கூடுமிடத்திலுள்ளது. கரைவலையும் களப்பு மீன்பிடியுமே மக்களின் வாழ்வு. கடலிலே வருமானம் ஒருநாள்போல் மறுநாள் இராது. மீன்படும் காலத்தில் கை நிரம்பும்; காற்றும் மழையும் மாறுங் காலத்தில் அடுப்பெரியாது. இத்தகைய தொழிலாளிக்குக் கடன் என்பது ஆடம்பரமன்று. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கு, மீனை விற்கவேண்டிய கட்டிலிருந்து அவனை விடுவிப்பது சங்கக் கடனே.

1984 இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரே திரும்பிவர வழி பிறந்தது. ஏறத்தாழக் கால்நூற்றாண்டு ஊர் வெறுமையாய்க் கிடந்தது. இடையே 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலையும் அழித்தது. ஓடியவர் பிள்ளைகளைத் தூக்கினர். ஏடுகளைத் தூக்க எவருக்குக் கை இருந்தது? ஏடில்லாத இடத்தில் ஒருவர் முப்பது ஆண்டு ஒழுங்காகக் கடன் திருப்பிய வரலாறும், அவருடைய பங்குப்பணத்தின் கணக்கும் வாய்ச்சொல்லாகவே எஞ்சும். வாய்ச்சொல்லை வங்கி ஏற்பதில்லை. ஏடு அழிந்தால் ஏழையின் நற்பெயரும் அழியும் என்பது இவ்வூர்கள் கற்ற முதற் பாடம்.

இரண்டாம் பாடம் மீளக் குடியேறிய பின் வந்தது. யுத்தத்துக்குப் பின் வன்னியெங்கும் நுண்கடன் கொடுப்போர் மோட்டார்ச் சைக்கிளில் வந்தனர். பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்து, கிழமைதோறும் பணம் பிரித்தனர். தவணை தவறியவளின் பெயர் குழுவின் நடுவே சொல்லப்பட்டது. வீட்டு வாசலிலே அயலார் கேட்கப் பேசப்பட்டது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்று சுமை பெருகியது. 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களுக்கு நிவாரணத் திட்டமொன்றை அறிவிக்கவேண்டி வந்தது. இங்கே ஏடு அழியவில்லை. ஏட்டிலிருந்தது தெருவுக்கு வந்தது. ஒருவரின் கடன் செய்தி ஆயுதமாகவும் ஆகும் என்பது இரண்டாம் பாடம்.

ஏடு இல்லாமையும் கேடு. ஏடு அம்பலமாவதும் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே நல்ல சட்டத்தின் வேலை.

இலங்கைச் சட்டங்கள்

இத்துறையில் இலங்கையிலுள்ள இரு சட்டங்களை மாணவர் தெரிந்திருத்தல் நன்று.

முதலாவது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம். இதனால் நிறுவப்பட்டதே கொடுகடன் தகவல் பணியகம். மக்கள் இதனை ‘கிறிப்’ என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தம்மிடம் கடன் பெற்றோரின் செய்தியை இதற்கு அளிக்கும். புதிதாகக் கடன் கொடுக்குமுன் இதனிடம் கேட்டறியும். தம்மைப் பற்றிய அறிக்கையைத் தனியாளும் கேட்டுப் பெறலாம். கிராமச் சங்கங்களின் ஏடுகள் பொதுவாக இவ்வலைக்கு வெளியே உள்ளன. இதன் விளைவைச் சிந்தித்துப் பார்க்க. சங்கத்தில் ஒருவர் ஐந்து கடன் பெற்று ஐந்தையும் தவணை தவறாது கட்டியிருக்கலாம். அவர் படகு வாங்க வங்கிக்குச் சென்றால், அங்கே அவர் கடனே வாங்கியறியாத புதியவராகத் தோன்றுவார். அவருடைய நாணயத்துக்குச் சான்று சங்கத்து அலுமாரிக்குள் உறங்குகின்றது.

இரண்டாவது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு என்பது ஒருவரைப் பற்றித் திரட்டிவைத்த செய்தி. இச்சட்டம் செய்தியை வைத்திருப்போர்க்குக் கடமைகளையும், செய்திக்குரியவர்க்கு உரிமைகளையும் வகுக்கின்றது. இன்ன நோக்கத்துக்கென்று சொல்லியே செய்தியைத் திரட்டல் வேண்டும். அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே திரட்டல் வேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருத்தல் ஆகாது. பத்திரமாகக் காத்தல் வேண்டும். செய்திக்குரியவர் தம்மைப் பற்றி எழுதியிருப்பதை அறியலாம், பிழையைத் திருத்துவிக்கலாம், கொடுத்த இசைவை மீளப் பெறலாம், பொறியொன்றே தானாக எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கலாம். சிறுவரைப் பற்றிய செய்தியைச் சிறப்புக் கவனத்துக்குரிய வகையிலே இச்சட்டம் சேர்த்துள்ளது. சிறுவர் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் சங்கங்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். மீறினால் 1 கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

இச்சட்டம் 2025 மார்ச்சிலே முழுமையாக நடைமுறைக்கு வருமென எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அது பிற்போடப்பட்டு, அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. நாள் பிந்தினும் நோக்கம் மாறவில்லை. பெரிய வங்கிக்கெனச் சட்டத்துறையும் கணினித்துறையும் உண்டு. அது தன்னை ஒழுங்குசெய்துகொள்ளும். ஓர் எழுதுவினைஞரும் ஓர் அலுமாரியும் மட்டுமுள்ள கிராமச் சங்கம் யாது செய்யும்? இவ்வினாவுக்கு விடை காணப் பிறநாடுகளின் அனுபவத்தைச் சிறிது நோக்குவோம்.

பிறநாட்டு அனுபவம்

பிறநாடுகளில் இவ்வினா இன்னும் ஒருபடி முன்னேறியுள்ளது. செய்தியைக் காப்பதோடு நில்லாமல், உறுப்பினர் விரும்பினால் அச்செய்தியை வேறொரு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லவும் வழி செய்யவேண்டுமென அங்கே சட்டம் கேட்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் வகுத்த கொடுப்பனவுச் சேவைப் பணிப்புரை 2018 இலிருந்து இதற்கு வழி திறந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டின் டொட்–பிராங்க் சட்டத்தின் 1033 ஆம் பிரிவு, தம் கணக்குச் செய்தியைப் பெறும் உரிமையை வாடிக்கையாளர்க்கு அளித்தது. அதனைச் செயற்படுத்தும் விதியை நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2024 ஒக்டோபரில் வெளியிட்டது. செய்தியைக் கொடுப்பதற்குக் கட்டணம் அறவிடலாகாதென்று அவ்விதி கூறியது. கடனுதவுச் சங்கங்கள் இதனால் கலக்கமுற்றன. கணினி வழியமைக்கும் செலவு சங்கத்துக்கு. அவ்வழியால் வரும் இலாபம் பிறருக்கு என்பது அவர்களின் முறைப்பாடு. 85 கோடி டொலருக்கு மேற்படாத சொத்துடைய வங்கிகளையும் சங்கங்களையும் விதி விலக்கிவைத்தது. எனினும் வழக்குகள் எழுந்தன. 2025 இல் பணியகமே விதியை மீளாய்வுக்கு எடுத்தது. நீதிமன்றமும் அவ்வாண்டில் அதன் நடைமுறையைத் தடுத்தது. சிறியாருக்கு விலக்களித்தல் இரக்கம்போலத் தோன்றும். ஆனால் விலக்களிக்கப்பட்ட சங்கத்தின் உறுப்பினர் பெரிய வங்கியின் வாடிக்கையாளர் பெறும் வசதியைப் பெறாது நிற்பர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இந்தியா வேறுவழி சென்றது. ரிசர்வ் வங்கி 2016 இல் வகுத்த விதிகளின்படி, கணக்குத் திரட்டுநர் என்னும் இடையாள் நிறுவனங்கள் 2021 இல் இயங்கத் தொடங்கின. இவை செய்தியைச் சுமந்து செல்லுமேயன்றித் திறந்து பார்த்தல் இயலாது. தபாற்காரன் ஒட்டிய கடிதத்தைக் கொண்டுசெல்வது போன்றது இது. எவருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கணக்குடையவர் இசைவு கொடுத்தாலன்றிக் கடிதம் புறப்படாது. ஆனால் கணக்குக் கணினியில் இருந்தாலன்றோ இவ்வழியிற் செல்லும்? தாளேட்டில் இருக்கும் சங்கங்கள் பின்தங்கிவிடுமெனக் கண்ட இந்திய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாவுக்கு 2022 இல் அங்கீகாரம் அளித்தது. கைத்தொலைபேசி வழியாகக் கடன் கொடுப்போர் கடனாளியின் தொலைபேசியிலுள்ள உற்றார் பெயர்ப்பட்டியலை எடுத்தலாகாதென ரிசர்வ் வங்கி விதித்ததும் அவ்வாண்டிலேயாம். அப்பட்டியலைக் கொண்டு உறவினர்க்கெல்லாம் செய்தியனுப்பி மானபங்கம் செய்யும் கொடுமை அங்கே பரவியிருந்தது.

இனி, கனடாவிலுள்ள எம் பழைய மாணவர் பலர் நன்கறிந்த ஒரு நிறுவனத்துக்கு வருவோம். அல்போன்ஸ் டெஜார்டின் என்பார் 1900 இல் கியூபெக் மாகாணத்து லெவி என்னும் ஊரில் நிறுவிய மக்கள் கடனுதவுச் சங்கம் வளர்ந்து, இன்று வட அமெரிக்காவிலே மிகப் பெரிய கூட்டுறவு நிதி அமைப்பாக விளங்குகின்றது. அங்கே 2019 இல் பெருங்கேடு ஒன்று வெளிப்பட்டது. ஊழியர் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேலாக உறுப்பினரின் செய்திகளை வெளியே கொண்டுசென்றிருந்தார். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 97 இலட்சம் பேர் என விசாரணையிலே தெரியவந்தது. கள்வன் மதிலேறி வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தான். பூட்டிவைக்கவேண்டிய செய்திகள் பொதுவாகப் பலர் திறக்கும் இடத்திலே பிரதிசெய்து வைக்கப்பட்டிருந்தன. கணக்கை முடித்துச் சென்றோரின் செய்திகளும் ஆண்டுக்கணக்காக அழிக்கப்படாமலே கிடந்தன. உலகறிந்த நிறுவனத்துக்கே இது நேர்ந்ததென்றால், எமது சங்கம் சிறியது, எம்மிடம் களவெடுக்க யாது உளது என்று இருத்தல் தகாது.

அறிதலும் அம்பலப்படுத்தலும்

இனி ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். ஒருவரையொருவர் அறிவதே கூட்டுறவின் உயிர் என்றோம். செய்தியை மறைத்துக் காக்கவேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது. இவை ஒன்றையொன்று முரணாவோ என்று கேட்கலாம். முரணா என்பதே எம் துணிபு. அறிதல் வேறு; அம்பலப்படுத்தல் வேறு. கடன் குழுவினர் ஒருவரின் நிலைமையை அறிவது, அவருக்குத் தக்க அளவில் உதவுதற்காக. பிணைநின்றவர் அறிவது, தம் பொறுப்பை உணர்தற்காக. இவ்விருவரும் அறிதல் முறையே. சந்தையில் நிற்பவர் அறிவதால் விளையும் பயன் யாது? நாணமடைந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு வாரார். தனியாரிடம் கூடிய வட்டிக்குக் கடன் வாங்குவார். தவணை தவறியோர் பெயரை அறிவித்தற் பலகையில் ஒட்டுவதால் நிலுவைப் பணம் சிறிது வரலாம், உறுப்பினர் போவர்.

எனினும் மறைத்தற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தரங்கம் என்னும் திரைக்குப் பின்னே நிருவாகிகள் தம் தவறுகளை மறைத்தலாகாது. சங்கத்தின் மொத்த நிலுவை எவ்வளவு, நிருவாகக் குழுவினர் தாமே பெற்ற கடன் எவ்வளவு, கணக்காய்வாளர் சுட்டிய குறை யாது என்பவை பொதுச்சபைக்கு உரிய செய்திகள். சோழர் காலத்து உத்தரமேரூரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், ஊர்வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவரென விதித்தன. ஊரவர் கணக்கைக் கையாள்பவர் ஊருக்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்னும் நெறி எமக்குப் புதிதன்று. உறுப்பினரின் தனிக்கணக்கு மறைவாயிருத்தல் வேண்டும். சங்கத்தின் பொதுக்கணக்கு வெளிச்சத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் தலைகீழாகும் இடத்திலே, எளியவர் கடன் தெருவிற் பேசப்படும். வலியவர் கடன் அலுமாரிக்குட் கிடக்கும்.

மற்றொரு ஐயமும் உண்டு. செய்தி எளிதிற் பெயருமானால் நல்ல உறுப்பினரை வங்கிகள் கவர்ந்துகொள்ளும். வறியவரும் தவறுவோருமே சங்கத்தில் எஞ்சுவர். ஆகவே ஏட்டைப் பூட்டிவைப்பதே நன்று என்பார் உளர். அச்சத்தில் நியாயமில்லையென்று யாம் கூறோம். அமெரிக்கச் சங்கங்களின் கலக்கமும் இதனோடு ஒட்டியதே. ஆனால் அவர் முடிவை யாம் ஏற்கோம். தவணை தவறாது கட்டிய பெருமை உறுப்பினரின் உழைப்பால் விளைந்தது. சங்கம் அதனை எழுதிவைத்தது மட்டுமே. உறுப்பினர் கேட்கும்போது அதனைக் கொடுக்க மறுக்கும் சங்கம், முற்பணம் கொடுத்து மீனைக் கட்டிவைக்கும் வியாபாரியினின்றும் எவ்வகையில் வேறானது? கட்டிவைத்து உறுப்பினரைக் காக்கவேண்டிய நிலை வந்தால் அது கூட்டுறவன்று. புயலடித்த மாதத்தில் தவணையைப் பின்போடும் மனமும், பிள்ளையின் பரீட்சைக்கட்டணத்துக்குச் சிறு கடன் கொடுக்கும் விரைவும் பொறிகளிடம் இல்லை. சங்கம் தன் உறுப்பினரைத் தக்கவைப்பது இவற்றாலேயாகும்.

செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, சிறு சங்கங்கள் பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

1. கடன் விண்ணப்பத்திலே வேண்டாத கேள்விகளை நீக்குக. கடனுக்குப் பயன்படாத செய்தியைக் கேளாதிருத்தலே அதனைக் காக்கும் எளிய வழி. செய்தி எதற்காகப் பெறப்படுகின்றது, எவர் பார்ப்பர் என்பதை விண்ணப்பத்தின் மேலேயே தெளிவான தமிழில் எழுதுக. எழுத வாசிக்க இடர்ப்படுவோர்க்கு வாசித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் பெறுக.

2. ஏட்டைத் திறக்கும் உரிமை எவரெவர்க்கு உண்டென்று குழுக்கூட்டத்தில் தீர்மானித்துப் பதிவு செய்க. ஏட்டுப் பக்கத்தைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை முற்றாக நிறுத்துக. ஒருமுறை அனுப்பியது திரும்பி வாராது.

3. ஆண்டுக்கொருமுறை ஒவ்வோர் உறுப்பினர்க்கும் அவரது பங்கு, சேமிப்பு, கடன், கட்டிய தவணை ஆகியவற்றைக் காட்டும் கூற்றொன்றை முத்திரையிட்டுக் கொடுக்க. வங்கியிலே காட்டத்தக்க சான்றாகவும், பிழையிருந்தால் திருத்துதற்கு வாய்ப்பாகவும் அஃது அமையும்.

4. ஏட்டின் பிரதியொன்றை ஊருக்கு வெளியே, சமாசத்திலோ பாதுகாப்பான வேறிடத்திலோ வைக்க. யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் கண்ட கரையிலே இதனை வலியுறுத்தத் தேவையில்லை. அப்பிரதியும் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

5. விலகியவர், இறந்தவர் ஆகியோரின் செய்தியை எத்தனை ஆண்டு வைத்திருப்பதென்று கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் ஆலோசனையுடன் வரையறுக்க. அதன்பின் வெட்டியெறிந்த தாள் கடையிலே மீன்சுற்றும் தாளாகாதபடி எரித்துவிடுக.

6. தரவுப் பாதுகாப்பு அறிந்த அலுவலர் ஒருவரை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே அமர்த்தல் இயலாது. பத்துச் சங்கங்கள் கூடி ஒருவரை அமர்த்தலாம். கடனுக்காகக் கூடியவர், கடன் ஏட்டைக் காப்பதற்கும் கூடுதலே கூட்டுறவு. கூட்டுறவுத்துறை 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தினாலே மாகாண சபைக்கு உரித்தாக்கப்பட்டது. ஆகவே சிறு சங்கங்களுக்கேற்ற மாதிரி விண்ணப்பங்களையும் மாதிரி விதிகளையும் மாகாணத் திணைக்களமே வகுத்தளிக்குமாறு கேட்கலாம்.

7. சிறுவர் சேமிப்புக் கணக்கின் தொகையை வகுப்பறையில் வாசித்துப் பாராட்டுதலைத் தவிர்க்க. கூடியது ஒருவனுக்குப் பெருமையாகலாம். குறைந்தது மற்றொருவனுக்கு வடுவாகும். இவ்வறிவுரை ஆசிரியராகிய எமக்கே முதலில் உரியது.

முடிவுரை

சட்டங்கள் கொழும்பிலும் வாஷிங்ரனிலும் எழுதப்படுகின்றன. அவை உண்மையில் நடைமுறையாவது கிராமச் சங்கத்தின் மேசையிலே, ஓர் எழுதுவினைஞர் ஏட்டைத் திறக்கும்போதும் மூடும்போதுமாம். அவர் தம் முன்னிருக்கும் பெண்ணின் கடன் செய்தியை அடுத்த கதிரையிலிருப்பவர் கேளாதபடி மெல்லச் சொன்னால் சட்டத்தின் பாதி நிறைவேறிற்று. அவள் கேட்டபோது அவளுடைய நாணயத்துக்குச் சான்றெழுதிக் கொடுத்தால் மறுபாதியும் நிறைவேறிற்று.

உறுப்பினர் சங்கத்துக்குச் செலுத்தவேண்டியது பணக்கடன். சங்கம் உறுப்பினர்க்குச் செலுத்தவேண்டிய கடன் இரண்டு: அவர் செய்தியைக் காத்தல்; அவர் கேட்கும்போது கொடுத்தல். இவற்றைச் செலுத்த வல்லவர் எம் பழைய மாணவரிடையே பலர் உளர். கணக்கறிந்தோர் கணக்காலும், சட்டமறிந்தோர் சட்டத்தாலும், கணினியறிந்தோர் அத்திறத்தாலும் தத்தம் பிறந்த ஊர்ச் சங்கத்துக்கு ஆண்டில் ஒருநாள் உதவினால் அதுவே போதும். அயல்நாட்டிலிருப்போர் விடுமுறைக்கு வரும்போது கோயிலுக்குச் செல்வதுபோலச் சங்கக் கட்டடத்துக்கும் ஒருமுறை சென்று, யாது குறை என்று கேட்பாராக.

விழாக் காணும் எம் கல்லூரி எழுத்தையும் எண்ணையும் எமக்கு அறிவித்தது. அவ்விரண்டும் கூடுமிடம் ஏழை உறுப்பினரின் ஏடு. அதனைக் காக்கும் கைகளுள் எம் கல்லூரி மாணவர் கைகள் என்றும் முன்னிற்பனவாக.